பொனட்டின் பின்மூலை தூக்கி நிற்கிறது ஏன்?

தம்பி, கார் பொனட்டின்ட ஸ்பிரிங்கைக் கழற்றி 400 நியூட்டன் கேஸ் ஸ்ட்ரட் (வாயு அடைச்ச தாங்கு தண்டு) இரண்டு போட்டபிறகு, பொனட்டை மூடினாலும் பின்மூலைகள் தூக்கி நிற்குது என்கிறீங்க. பலம் கூடிப்போச்சு, அவ்வளவுதான். அதில அடிச்சிருக்கிற எண் ஒன்றுக்குரியது. இரண்டும் சேர்ந்தா 800. பழைய தகடு பிணைச்சலடியில வளைஞ்சிரும்.

16 கிலோ பொனட், அதின்ட நிறைமையம் பிணைச்சலிலிருந்து 50 சென்ரிமீற்றர், திறந்து நிற்கும்போது ஸ்ட்ரட் தள்ளுற கோடு பிணைச்சலிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி எண்டா, ஸ்ட்ரட் ஒன்றுக்கு 260 நியூட்டன் காணும். உங்கட பொனட்டை நிறுத்து, அளந்து, இப்பிடிக் கணக்குப் பாருங்க. மட்டக்களப்பு வெயிலுக்கு உள்ளேயிருக்கிற நைட்ரஜன் இன்னும் தள்ளும், 10 பாகை கூடினா 3 வீதம் மட்டில.

பொனட் மூடியிருக்கும்போது ஸ்ட்ரட்டின்ட கம்பிப்பக்கம் கீழே இருக்கட்டும். உள்ளேயிருக்கிற எண்ணெய், வாயு கசியாமத் தடுக்கிற சீல் வளையத்தை நனைச்சுக்கொண்டிருக்கும். கல்லடிக் கடற்காத்தில கம்பி துருப்பிடிச்சா சீல் போயிரும், துடைச்சு வையுங்க. பழைய ஸ்பிரிங்கை மட்டும் எறிஞ்சிடாதீங்க.