குளத்தில் போட்ட கீரையை மீன் தொடவில்லையா?
கட்லாவும் ரோகுவும் விட்ட குளத்தில் முள்ளங்கி இலை, கீரைத் தண்டு போட்டும் மீன் தொடவில்லை, விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் இலை போடுவதை நிறுத்தி, மிதப்பதை அரித்து எடுங்கள். அழுகும் இலை ஆக்ஸிஜனை இழுக்கிறது. விடியும் நேரத்தில்தான் அது மிகவும் குறையும்.

கட்லா மிதவை உயிரிகளை, அதாவது தண்ணீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிரிகளைத் தின்னும், இலையைக் கடிக்காது. இலைக்கு ஏற்றது புல்கெண்டை. தொண்டைப் பற்களால் நறுக்கித் தின்னும். பாதி செரிக்காமல் கழிவாகி, மிதவை உயிரிகளை வளர்க்கும். கட்லாவுக்கு அதுதான் தீனி!

மீன் மேலே வருவது நின்ற அப்புறம், விரல் நீளத்தைத் தாண்டிய புல்கெண்டை கொஞ்சம் விடுங்கள். குளத்தில் ஒரு மூங்கில் சட்டத்தை மிதக்கவிட்டு, அதற்குள் மட்டும் இலை போடுங்கள். மாலையில் மிச்சமிருந்தால் மறுநாள் குறையுங்கள். மருந்தடித்த இலை வேண்டவே வேண்டாம்.