ஆட்டிசம் உள்ள பசங்களோட சாமி கும்பிடப் போறது – கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம். கடலூர், பாண்டி பக்கம் ஆட்டிசம் உள்ள பசங்களுக்கு ஸ்பெஷல் எஜுகேட்டரா இருக்கேன். ஸ்கூல், தெரபி பத்தி எல்லாரும் கேக்கறாங்க, ஆனா கோயிலுக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு வீட்டுக்குள்ளயே வச்சுப் புழுங்கறவங்கதான் அதிகம், அதான் இன்னைக்கு இது மட்டும். கோயில், சர்ச், பள்ளிவாசல் எதப் பத்தி வேணா கேளுங்க.

மஞ்சக்குப்பம் அம்மா: பையனுக்கு 6 வயசு. பாடலீஸ்வரர் கோயில்ல தீபாராதனை நேரத்துல மெஷின் மேளம் அடிச்ச உடனே காதப் பொத்திகிட்டு தரையில விழுந்து கத்தறான். மாமியார் "சாமிக்கே ஆகல பாரு"ங்கறாங்க. கோயிலே வேணாமா?

சாமிக்கு ஆகாம இல்லம்மா, அந்த மெஷினு அவனுக்கு ஆகல, அவ்ளோதான். மணி, முரசு, தாளம் மூணும் சேந்து கல்லு மண்டபத்துக்குள்ள அடிச்சா நமக்கே பேச்சு கேக்காது, அவனுக்கு அது வலியாவே இருக்கும். சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுறது இதெல்லாம் அளவுக்கு மீறி உறைக்கறதும், சில பேருக்கு கொஞ்சம்கூட உறைக்காம போறதும் ஆட்டிசத்தோட ஒரு அம்சம்தான், 2013ல இருந்து டாக்டருங்க பாக்கற அடையாளப் பட்டியல்லயே இது இருக்கு. அதனால அவன் கத்தறது அடம் இல்ல. அடம்னா நீங்க பாக்கறீங்களான்னு ஓரக்கண்ணால பாப்பான், இது அப்படி இல்ல, நீங்க என்ன குடுத்தாலும் அந்த நேரத்துல நிக்காது.

இப்ப என்ன பண்ணலாம்னா, மொதல்ல தீபாராதனை இல்லாத நேரமா பாத்துப் போங்க. காலைல நடை தொறந்து கொஞ்ச நேரம் கழிச்சு, சாதாரண செவ்வாய் புதன்ல, பிரதோஷம் கிருத்திகை எல்லாம் வேணாம். மொத தடவ கோபுரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுங்க, உள்ளயே போக வேணாம். அடுத்த தடவ கொடிமரம். அவன் நல்லா இருக்கும்போதே கெளம்பிடணும், அழுது கெளம்பினா அழுகைதான் அவன் மனசுல நிக்கும். போறதுக்கு முன்னாடி உங்க போன்லயே போட்டோ எடுத்து வரிசையா காட்டுங்க – இங்க செருப்பு விடுவோம், இங்க விளக்கு, இங்க சாமி, அப்புறம் வீடு. அடுத்து என்னன்னு தெரிஞ்சாலே இவங்களுக்குப் பாதி பயம் போயிடும். காதுக்கு சத்தம் தடுக்கற இயர்மஃப் போட்டு விடுங்க, வீட்லயே கொஞ்சம் கொஞ்சமா போட்டுப் பழக்கிட்டு. யாராவது கோயில்ல என்ன ஹெட்போன் பாட்டுன்னு கேட்டா கேக்கட்டும். அப்புறம் பட்டு வேட்டி சட்டைய விட்டுடுங்க, உடம்பு அரிக்கறதே பல பசங்களுக்குப் பாதி பிரச்சனை. வெயில்ல கல்லு சுடும், அதுவும் ஒரு காரணமா இருக்கும், பாத்துக்குங்க.

வில்லியனூர்ல இருந்து ஒருத்தர்: 48 நாள் தொடர்ந்து கூட்டிட்டு வந்தா பேச்சு வரும்னு ஒருத்தர் சொல்றார். பண்ணலாமா?

சாமி கும்பிட 48 நாள் போறதுன்னா தாராளமா போங்க, வேண்டிக்கறது உங்க மனசு. ஆனா பேச்சு வர வைக்கறதுக்காகன்னு போனா, 49ஆம் நாள் பேச்சு வரலேன்னா குழந்தை மேல கோபம் வரும், சாமி மேலயும் வரும். ஆட்டிசம் சாபமும் இல்ல, கர்மாவும் இல்ல, அம்மா கர்ப்பத்துல என்ன பண்ணாங்கன்னு தேடறதும் வேணாம், மூளை வளர்ச்சியில பொறப்புலயே இருக்கற வித்தியாசம். அந்த 48 நாள்ல ஸ்பீச் தெரபிய நிறுத்தாதீங்க, இது ரொம்ப முக்கியம். அப்புறம் மந்திரிக்கறேன், ராத்திரி இங்கயே தங்க விடுங்க, கட்டி வைக்கறேன்னு எவனாவது சொன்னா அந்த நிமிஷமே குழந்தைய தூக்கிட்டு வந்துடுங்க. 2001ல ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடியில ஒரு மனநலக் காப்பகத்துல சங்கிலியில கட்டி வச்சிருந்தவங்க 28 பேர் தீயில கருகிப் போனாங்க. அவங்க மனநோய்னு கொண்டு வந்து விடப்பட்டவங்க, ஆட்டிசம் வேற, ஆனா கட்டி வைக்கற புத்தி ஒண்ணுதான்.

நான் எல்லாருக்கும் சொல்றது இதான்: உங்க குழந்தை கோயிலுக்குப் போறது குணமாகறதுக்கு இல்ல. அவனும் ஒரு பக்தன், அவனுக்கும் சாமி பாக்கற உரிமை இருக்கு, அதுக்காகத்தான் போறான்.

முதலியார்பேட்டை அப்பா: மகனுக்கு 11 வயசு, பேச்சு கம்மி. அவன் தம்பி அவனுக்கு முன்னாடி புதுநன்மை (சர்ச்ல மொத தடவ அப்பம் வாங்கறது) வாங்கிட்டான். இவனுக்கு ஞானோபதேசம் (அதுக்கான வேதப் பாடம்) புரியாதுன்னு வேணாங்கறாங்க.

யார் சொன்னாங்கன்னு மொதல்ல பாருங்க. பங்கு சாமியார் சொன்னாரா, வகுப்பு எடுக்கறவங்க சொன்னாங்களா? பெரும்பாலும் வகுப்புல சமாளிக்க முடியலேன்னு சொல்றதுதான் வீட்டுக்கு வரும்போது "புரியாது"ன்னு ஆகிடுது. நேரா சாமியார்கிட்ட போய் உக்காந்து பேசுங்க.

1910ல பத்தாம் பத்திநாதர் (பயஸ்) பாப்பரசர் குழந்தைங்களுக்கு ஏறக்குறைய 7 வயசுல இருந்தே நன்மை குடுக்கலாம்னு கொண்டு வந்ததே, எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சிருக்கணும்னு கேக்கக் கூடாதுங்கறதுக்காகத்தான். திருச்சபை சட்டமும் அந்தந்தக் குழந்தையோட திறனுக்குத் தக்க புரிதலத்தான் கேக்குது. ஊனம் உள்ளவங்களுக்கு நன்மை மாதிரி அருட்சாதனம் குடுக்கறது பத்தி அமெரிக்க ஆயர்கள் 1995ல ஒரு வழிகாட்டி போட்டாங்க, அதுல சாதாரண அப்பத்துக்கும் இயேசுவோட உடலுக்கும் வித்தியாசம் தெரிஞ்சா போதும், அத வாயால சொல்லணும்னு இல்ல, சைகையிலயோ மரியாதையா அமைதியா இருக்கறதுலயோ காட்டினாலும் போதும்னு இருக்கு. நம்ம மறைமாவட்டத்துல முடிவு நம்ம சாமியார்தான், ஆனா பேசறப்ப இத எடுத்துச் சொல்லுங்க. உங்க பையன் வீட்ல ஜெப நேரத்துல எப்படி இருக்கான், பீடத்தப் பாத்தா என்ன பண்றான், ஒரு சின்ன வீடியோ எடுத்துட்டுப் போங்க.

அடுத்து வாயில அப்பம் வைக்கறது. இவங்கள்ல நெறைய பேருக்கு புது ருசி, புது பதம் ஆகாது, துப்பிடுவாங்க, அதுக்கு பயந்தே பல வீட்ல பின்வாங்கறாங்க. பூசைல இன்னும் அர்ச்சிக்காத அப்பம் கொஞ்சம் கேட்டு வாங்கி வீட்ல பழக்குங்க, மொதல்ல பொட்டளவு, பிடிச்ச ஜூஸ் ஒரு வாயோட. சின்னத் துண்டா குடுத்தாலும் அது முழு நன்மைதான், சாமியாருக்கு அது தெரியும். ஞாயித்துக்கிழமை பெரிய பூசைக்கு மொதல்ல போகாதீங்க, வார நாள் காலைப் பூசை பாட்டு கம்மி, கூட்டம் கம்மி, சீக்கிரம் முடியும். பக்கவாசல் ஓரமா உக்காருங்க. புதுநன்மையும் அந்த மாதிரி ஒரு வார நாள் பூசைல தனியா குடுக்கச் சொல்லிக் கேக்கலாம், ஊரக் கூட்டி கோட்டு சூட்டு போட்டு குடுத்தாதான் நன்மைன்னு இல்ல.

பரங்கிப்பேட்டை தம்பி: அஸ்ஸலாமு அலைக்கும். என் தம்பிக்கு 19 வயசு, ஆட்டிசம். ஜும்ஆவுக்கு (வெள்ளிக்கிழமை தொழுகை) வர ஆசப்படறான், குத்பா (பிரசங்கம்) நேரத்துல சத்தம் போடறான். பெரியவங்க அவனுக்குக் கடமையே இல்ல, ஏன் கூட்டிட்டு வர்றேன்னு கேக்கறாங்க.

வஅலைக்கும் ஸலாம் தம்பி. நான் மார்க்கம் படிச்ச ஆலிம் இல்ல, ஆனா இதே கேள்விய நான் பாத்துக்கற வேற ஒரு குடும்பத்துக்காக ஒரு பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட கேட்டேன், அவர் சொன்னதச் சொல்றேன். புத்தி எட்டாதவங்கள விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்குன்னு ஹதீஸ் (நபிமொழி) இருக்கு, அதாவது வரலேன்னா குத்தம் இல்ல. வரக் கூடாதுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. அதோட ஆட்டிசம்னாலே புத்தி எட்டலேன்னும் இல்ல, ஆளுக்கு ஆள் மாறும். நபி (ஸல்) அவங்க தொழவைக்கும்போது குழந்தை அழற சத்தம் கேட்டா அந்தத் தாய்க்காகத் தொழுகையச் சுருக்கினாங்க, பேத்தி உமாமாவத் தோள்ல வச்சுகிட்டே தொழுதாங்க, ரெண்டும் புகாரி ஹதீஸ் நூல்ல இருக்குன்னு அவர் சொன்னாரு. பெரியவங்ககிட்ட மரியாதையா இதச் சொல்லுங்க, ஹஜ்ரத்த விட்டே சொல்லச் சொன்னா இன்னும் நல்லது.

என் பங்குக்கு நான் சொல்றது, ஜும்ஆல ஆரம்பிக்காதீங்க. அஸர்ல, அதான் சாயங்காலத் தொழுகைல, ஆரம்பிங்க. கூட்டம் கம்மி, சத்தமா ஓதறது இல்ல, குத்பா இல்ல, சீக்கிரம் முடியும். ஒளு (தொழுகைக்கு முன்னாடி கை கால் முகம் கழுவறது) வீட்லயே பண்ணிட்டு வாங்க, தண்ணிக் குழாயப் பாத்தா அங்கயே நின்னுடற பசங்க நெறைய. ஸஃப்ல, அதான் தொழுகை வரிசைல, ஓரமா நிக்க வைங்க, ஒரு பக்கம் செவுரு, இன்னொரு பக்கம் நீங்க, அப்ப தெரியாதவங்க தோள் படாது. இது பழகின பிறகு ஜும்ஆவுக்கு குத்பா முடியற சமயமா கூட்டிட்டு வந்து தொழுகைல சேருங்க.

லாஸ்பேட்டையில இருந்து: பக்கத்துல இருக்கறவங்க முறைக்கறாங்க. என்ன சொல்றது?

"இவனுக்கு ஆட்டிசம், சத்தம் தாங்காது, கொஞ்சம் வழி விடுங்க." ஒரே மூச்சுல சொல்லிட்டு அடுத்த வேலைய பாருங்க. மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம்.

ஒரு குருக்கள்: இந்த மாதிரி குழந்தை வந்தா நான் என்ன செய்யணும்? எனக்கு யாரும் சொல்லித் தந்தது இல்ல.

நீங்க கேட்டதே பெரிய விஷயம் சாமி, கையெடுத்துக் கும்பிடறேன். முடிஞ்சா அந்த ரெண்டு நிமிஷம் மெஷின் மேளத்த ஆஃப் பண்ணிட்டு கைமணி மட்டும் அடிங்க. கற்பூரத் தட்ட முகத்துக்கிட்ட கொண்டு வராதீங்க, வெளிச்சமும் புகையும் சில பேருக்கு ஆகாது, சில பசங்க நெருப்பப் புடிக்கப் பாயும். விபூதிய நெத்தியில நீங்க இட வேணாம், அம்மா கையில குடுத்துடுங்க, வேத்து ஆள் கை மேல பட்டா தீப்பட்ட மாதிரி துள்ளற பசங்க உண்டு. பெருமாள் கோயில்ல சடாரியும் இப்படித்தான், திருவந்திபுரம் மாதிரி இடத்துல பட்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சா தலைக்கு மேல சும்மா காட்டிட்டு எடுத்துடுவாங்க. குழந்தை உங்க கண்ணப் பாக்காது, பேர் சொன்னா திரும்பாது, அத அவமரியாதையா எடுத்துக்காதீங்க. கை உதறிகிட்டு முன்னும் பின்னும் ஆடினா ஆட விடுங்க, மனச நிதானத்துக்குக் கொண்டு வர அது அவங்க வழி. இன்னொண்ணு, ஊர்ல "சாமி இறங்கிடுச்சு", "காத்து கருப்பு"ன்னு எவனாவது ஆரம்பிச்சா நீங்க ஒரு வார்த்தை இல்லேன்னு சொன்னாப் போதும், நான் ஒரு மணி நேரம் பேசினாலும் நம்பாதவங்க நீங்க சொன்னா நம்புவாங்க.

வீராம்பட்டினம் அக்கா: ஆடித் தேருக்கும் மாசி மகத்துக்கும் எல்லாரும் கூட்டிட்டு வாங்கறாங்க. 8 வயசு பொண்ணு, கைய விட்டா ஓடிடுவா.

இதுல நான் கறாராவே சொல்றேன். தேர் நாள் கூட்டத்துக்கு உள்ள வேணாம். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையானாலும் கடலூர் தேவனாம்பட்டினமானாலும் வேணவே வேணாம். ஓடற பழக்கம் உள்ள ஆட்டிசம் பசங்களுக்குப் பெரிய ஆபத்தே தண்ணிதான், தண்ணியப் பாத்தா இழுத்துகிட்டுப் போகும், பயம் தெரியாது. கோயில் குளம், கெடிலம், கடல் எல்லாம் நமக்கு சாமி சம்பந்தப்பட்ட இடம், அவளுக்கு வெறும் பளபளன்னு ஆடற தண்ணி. எந்தக் கோயிலுக்குப் போனாலும் குளம் எங்க இருக்கு, கேட்டு பூட்டியிருக்கான்னு மொதல்ல பாருங்க. உங்க போன் நம்பர் எழுதின வளையமோ பட்டையோ கையில இருக்கணும். யார் அவளப் பாத்துக்கறதுன்னு ஒருத்தர் பேரச் சொல்லி ஒப்படைங்க, "எல்லாரும்தான் இருக்கோமே"ன்னு இருக்கறப்பதான் குழந்தை தொலையும். நீச்சலும் கத்துக் குடுங்க. உங்க ஊர் செங்கழுநீர் அம்மன ஒரு சாதாரண நாள் காலைல பாத்தா அம்மன் வேணாம்னா சொல்லப் போறா?

நெய்வேலி தாத்தா: குலதெய்வத்துக்கு மொட்டை பாக்கி. பிளேடப் பாத்தாலே பேரன் நடுங்கறான்.

பூமுடி குடுங்க ஐயா, கொஞ்சம் முடி கத்தரிச்சு சமர்ப்பிச்சா போதும்ங்கறது நம்மகிட்ட இருக்கற வழக்கம்தான். நாலு பேர் புடிச்சு அமுக்கி மொட்டை போடாதீங்க, அப்புறம் வருஷக் கணக்கா சலூன் பக்கமே வர மாட்டான்.

ரெட்டிச்சாவடியில இருந்து: அமைதியான இடமா சொல்லுங்களேன், எங்க போகலாம்?

வடலூர் சத்திய ஞான சபை, சாதாரண நாள்ல. பெரிய வெளி, மேளம் கெடையாது, ஓடினாலும் கண்ணுக்குத் தெரியும், தருமசாலைல எப்பவும் சாப்பாடு இருக்கு, 1867ல வள்ளலார் மூட்டின அடுப்பு. தைப்பூசத்துக்கு மட்டும் போகாதீங்க, கூட்டம் தாங்காது. பாண்டி ஆசிரமம் சமாதிய நெறைய பேர் சொல்லுவாங்க, அமைதிதான், ஆனா வாயால சத்தம் குடுத்துகிட்டே இருக்கற குழந்தைக்கு அது கஷ்டம், உஷ் உஷ்னு நீங்கதான் நொந்து போவீங்க. மணக்குள விநாயகர்னா காலைல சீக்கிரம், சனி ஞாயிறு இல்லாம.

பேர் வேணாம், 24 வயசு, பாண்டி: எனக்கே ஆட்டிசம். கூட்டம் இல்லாதப்ப தனியா போய் தூண் பக்கம் உக்காந்துடுவேன், ஒரே பாட்ட மனசுக்குள்ள திரும்பத் திரும்ப ஓட்டுவேன். வீட்ல அது பக்தி இல்லேங்கறாங்க. குடும்பத்தோட வரிசைல நிக்கணுமாம்.

தம்பி, நீங்க பண்றதுக்கு நம்ம ஊர்ல ஜபம்னு பேரு. பெரியவங்க அதுக்காக உக்காந்து பழகறாங்க, உங்களுக்கு இயல்பா வருது. வருஷத்துக்கு ஒரு நாள், ரெண்டு நாள் குடும்பத்தோட, எந்த நாள், எவ்ளோ நேரம், எப்ப நான் வெளிய போய் நிப்பேன்னு முன்னாடியே பேசி வச்சுகிட்டுப் போங்க. மத்த நாள் உங்க தூண் உங்களுக்கு. அப்புறம் உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன், எந்த சத்தம் வலிக்கும், எது வலிக்காதுன்னு இங்க வந்து கேட்ட அம்மாங்களுக்கு நீங்க எழுதினா நான் சொல்றத விட பத்து மடங்கு உபயோகம். மனசு இருந்தா எழுதுங்க.

பண்ருட்டி அண்ணன்: கோயில்ல மாற்றுத்திறனாளி வரிசைல விட மாட்டேங்கறாங்க, கை கால் நல்லாதானே இருக்குங்கறாங்க.

யுடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, கையோட வச்சிருங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு, ஆட்டிசமும் அதுல ஒண்ணு. தேவையான வசதி செஞ்சு தர மறுக்கறதும் பாகுபாடுன்னு அந்தச் சட்டமே சொல்லுது. வாசல்ல சண்டை போடாதீங்க, குழந்தைக்கு அந்தச் சத்தமே போதும். இன்னொரு நாள் தனியா போய் செயல் அலுவலருக்கு எழுத்துல குடுங்க, அறநிலையத்துறை கோயில்னா மனுவுக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும்.

திருப்பாதிரிப்புலியூர் அம்மா: அக்கா, இவன் பொறந்ததுல இருந்து நான் கோயிலுக்கே போகல. அவன விட்டுட்டுப் போக மனசு வரல, கூட்டிட்டுப் போக தைரியம் வரல.

மொதல்ல நீங்க போங்கம்மா, தனியா. அவன் அப்பாவோ சித்தியோ ஒரு மணி நேரம் பாத்துக்கட்டும், அது பாவம் இல்ல. உங்க மனசு ஆறினாதான் அவன நிதானமா கூட்டிட்டுப் போக முடியும். அப்படியே போற அன்னிக்கு அவனுக்காக உளவும் பாத்துட்டு வாங்க – கூட்டம் எப்ப கலையுது, நிழல் எங்க இருக்கு, மெஷின் மேளம் எந்தப் பக்கம், சட்டுனு வெளிய வர வழி எது. அடுத்த வாரம் ரெண்டு பேரும் கொடிமரம் வரைக்கும் மட்டும். போயிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு இங்க எழுதுங்க, எங்க சிக்குச்சோ அத மட்டும் தனியா பேசிக்கலாம்.