பெயர் தெரியும், ஒற்று வரவில்லை

கேள்வி: என் மகளுக்கு வயது 12. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆறாம், ஏழாம் வகுப்புகளின் இலக்கணப் பகுதிகளை முடித்துவிட்டாள். குற்றியலுகரத்தின் (சொல்லின் இறுதியில் குறுகி ஒலிக்கும் உகரத்தின்) ஆறு வகைகளையும் எடுத்துக்காட்டுடன் ஒப்பிப்பாள். ஆயினும் அவளுடைய நாட்குறிப்பில் 'கடைக்கு சென்றேன்', 'படித்து பார்த்தேன்' என்றே எழுதுகிறாள். அடுத்து எட்டாம் வகுப்பு நூலுக்குச் செல்வதா, ஆறுமுக நாவலரின் 'இலக்கணச் சுருக்கம்' வாங்குவதா, நேராக நன்னூலையே தொடங்கிவிடுவதா? பின்னர் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுத வைக்கும் எண்ணமும் உண்டு.
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் எடுத்துக் காட்டிய இரண்டு பிழைகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வெவ்வேறு இடத்தில் பிறந்தவை. 'கடைக்குச் சென்றேன்' என்பதில் வேலை எளிது. 'ஐ', 'கு' ஆகிய வேற்றுமை உருபுகள் வெளிப்படையாக வந்தால் அவற்றின் பின் வல்லினம் மிகும் என்ற ஒரே விதியைச் சொல்லி, ஒரு வாரம் எழுத வைத்தால் கை பழகிவிடும். 'படித்துப் பார்த்தேன்' அப்படியன்று. 'படித்துப் பார்த்தேன்', 'எடுத்துக் கொடுத்தேன்' என்று ஒற்று மிகும்போது, 'வந்து பார்த்தேன்', 'செய்து பார்த்தேன்', 'அழுது பார்த்தேன்' ஆகியவற்றில் ஏன் மிகவில்லை என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். வன்தொடர்க் குற்றியலுகரமாக, அதாவது 'படித்து' போல இறுதி எழுத்துக்கு முன் வல்லின மெய் நிற்க முடியும் வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகும். மென்தொடரான 'வந்து', இடைத்தொடரான 'செய்து', உயிர்த்தொடரான 'அழுது' போன்றவற்றின் பின் மிகாது. அவள் மனப்பாடமாக ஒப்பிக்கும் அந்த ஆறு வகைகளுக்கு அன்றாட எழுத்தில் இருக்கும் பயன் இதுதான். வகைகளைக் கற்ற குழந்தைக்கு அவை எதற்கு என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. பாடநூலில் இரண்டும் வேறு வேறு ஆண்டுகளில் வருவதால் நேரும் குறை இது, உங்கள் மகளின் குறையன்று.

ஆகவே, எட்டாம் வகுப்பு நூலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது. வினைமுற்று, எச்சம், வேற்றுமை, தொகைநிலைத் தொடர்கள், புணர்ச்சி என்று படியேறிய பிறகே வல்லினம் மிகும் இடங்களுக்கும் மிகா இடங்களுக்கும் வந்து சேர்கிறது. இவற்றுள் எதையும் தாண்டிச் செல்லாதீர்கள். 'கீரைக் கடை' என்றால் கீரை விற்கும் கடை. 'கீரை கடை' என்றால் கீரையைக் கடை என்னும் ஏவல். பின்னதில் இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து நிற்பதால் ஒற்று மிகவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, வேற்றுமையும் தொகையும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவை தெரியாத குழந்தைக்கு மிகும் இடம், மிகா இடம் என்ற பட்டியல் வெறும் தொலைபேசி எண் வரிசைதான். எழுத்துகளின் பிறப்பு பற்றிய முதல் பாடத்தை மட்டும் ஓரிரு நாளில் வாசித்துவிட்டுக் கடந்து செல்லலாம்.

அந்த நூலில் பயிற்சி போதாது. இலக்கணப் பகுதிக்குக் 'கற்கண்டு' என்று இனிப்பாகப் பெயரிட்டிருக்கிறார்கள். ஆனால் வாயில் போட்டதும் கரைந்துவிடும் அளவுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். கடைகளில் கிடைக்கும் கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சி ஏடுகளை வாங்கி இந்தக் குறையை நிரப்ப வேண்டாம். அவற்றில் பிழை எந்த இடத்தில் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. சொந்த எழுத்தில் அப்படித் தெரிவதில்லை. கவனமாகப் பிழைதிருத்தி அச்சிட்ட உரைநடை நூல் ஒன்றிலிருந்து ஒரு பக்கத்தை நீங்களே படியெடுங்கள். சொற்களுக்கு இடையே மிகுந்து நிற்கும் க், ச், த், ப் ஆகியவற்றை எல்லாம் நீக்கிவிட்டு அவளிடம் கொடுத்து, ஒற்றுகளை மீண்டும் இடச் சொல்லுங்கள். இட்ட ஒவ்வொன்றுக்கும், இடாமல் விட்டவற்றுள் நீங்கள் சுட்டும் சிலவற்றுக்கும் அவள் வாய்மொழியாகக் காரணம் சொல்ல வேண்டும். வாரம் இரண்டு பக்கங்கள் போதும். மூன்றாவது வாரத்திலிருந்து அவளுடைய நாட்குறிப்பையே பாடமாக்குங்கள். தெருவில் போகும்போது கடைப் பலகைகளைத் திருத்துவதும் நல்ல விளையாட்டு. ஆனால் அவற்றை ஒருபோதும் முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது.

'இலக்கணச் சுருக்கம்' உங்களுக்கு உரிய நூல், அவளுக்கு இப்போது அன்று. நன்னூல் கருத்துகளைச் செய்யுளின்றி உரைநடையில் வரிசைப்படுத்தி, வினாக்களுடன் அமைத்துத் தந்திருக்கிறார் நாவலர். பாடநூல் இரண்டு வரியில் முடித்த இடத்தில் நீங்கள் ஐயம் தீர்த்துக்கொள்ள அதைவிட வசதியான நூலை நான் அறியேன். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுக்கமான உரைநடையைப் 12 வயதுக் குழந்தை தனியே படித்தால், மறுபடியும் ஒப்பிக்கத்தான் தொடங்குவாள்.

நன்னூலை முழுமையாகத் தொடங்குவதற்கு இன்னும் காலம் இருக்கிறது. அதில் 462 நூற்பாக்கள் உள்ளன. ஐந்து இலக்கணங்களுள் எழுத்தும் சொல்லும் மட்டுமே அதில் நமக்குக் கிடைக்கின்றன. யாப்புக்கும் அணிக்கும் எப்படியும் வேறு நூல் தேட வேண்டும். ஆயினும் தனித்தனி நூற்பாக்களை இப்போதே கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றையும், அதன் விதியை அவள் எடுத்துக்காட்டுகளிலிருந்து கண்டுபிடித்த பிறகே கொடுக்க வேண்டும். 'இயல்பினும் விதியினும் நின்ற உயிர்முன் கசதப மிகும் விதவாதன மன்னே' என்ற நூற்பாவை, மிகா இடங்கள் பலவற்றைத் தானே எண்ணிப் பார்த்த குழந்தையிடம் சொன்னால், 'விதவாதன' (தனியே எடுத்துச் சொல்லப்படாதவை) என்ற ஒரே சொல்லுக்குள் அத்தனை விலக்குகளையும் அடக்கிவிட்டாரே என்று அவளே வியப்பாள். முதலிலேயே சொன்னால் இன்னொரு மனப்பாடச் செய்யுள் ஆகிவிடும். மாணவன் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் வழக்கறிதலை (மொழி வழங்கும் முறையை அறிதலை) முதலில் வைத்து, பாடம் போற்றலை (மனப்பாடம் செய்தலை) அதற்கு அடுத்துத்தான் வைத்தார்.

தேர்வைப் பற்றிய கவலை இப்போது வேண்டாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வுக்குக் குறைந்தது 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு நூலை ஓராண்டு நிதானமாகப் படித்தாலும் அவளுக்குக் காலம் மிஞ்சும். அந்த ஆண்டின் இறுதியில் திருக்குறளைக் கொண்டு அசை பிரிக்கக் கற்றுக்கொடுங்கள். ஒற்றில் சலித்துப்போன குழந்தைகள்கூட நேர், நிரை என்று தாளம் போட்டுக்கொண்டு அதைச் செய்வார்கள்.

ஒற்று நீக்கிய பக்கம் ஒன்றில் பத்து இடங்களுள் எட்டுக்கேனும் அவள் தானே காரணம் சொல்லத் தொடங்கியதும் நன்னூலை வாங்குங்கள். சுருக்கமான உரையாகிய காண்டிகையுரை உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். விரிவான உரையாகிய விருத்தியுரை இப்போதைக்கு உங்களுக்கும் வேண்டாம்.