ஒரே சாப்பாடு, ஒரே குண்டு... ரிப்போர்ட் மட்டும் ஏன் தலைகீழ்?

கேள்வி: எனக்கு 34 வயது, 98 கிலோ. மனைவிக்கு 30, எடை 82. கல்யாணமாகி நான்கு வருடமாகிறது, குழந்தை இல்லை. டெஸ்ட் எடுத்ததில் அவளுக்கு ஆண் ஹார்மோன் அதிகம், எனக்குக் குறைவு என்று வந்திருக்கிறது. லேபில் மாற்றிவிட்டார்களோ? ஜிம் நண்பன் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்கிறான். அம்மாவோ, கோளாறு மருமகளுக்குத்தான் என்கிறார்.
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: லேபைச் சந்தேகப்படாதீர்கள் சார், இரண்டு ரிப்போர்ட்டும் சரியாகவே இருக்கலாம். பல வீடுகளில் ஆணைக் கடைசியாகத்தான் டெஸ்டுக்கு அனுப்புவார்கள், அதனால் உங்கள் கதையிலிருந்தே தொடங்குகிறேன். தொப்பைக் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. அதில் அரோமடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அது உங்கள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். அதைப் பார்த்த மூளை, 'சரக்கு போதும்போல' என்று நினைத்து விதைகளுக்கு அனுப்பும் ஆர்டரைக் குறைக்கும், ஆர்டர் குறைந்தால் உற்பத்தியும் குறையும். இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா? தூக்கத்தில் மூச்சு அடைபட்டால் அதுவும் இந்த ஹார்மோனைக் குறைக்கும், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மனைவி கதையில் வில்லன் இன்சுலின். எடை கூடும்போது உடம்பு இன்சுலினுக்கு மசிவதில்லை, கணையம் மேலும் மேலும் சுரக்கிறது, சர்க்கரை நார்மலாக இருக்கும்போதே இது நடக்கும். மற்ற உறுப்புகள் மசியாவிட்டாலும் சினைப்பை மட்டும் அந்த இன்சுலின் பேச்சைக் கேட்டு ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். கருமுட்டை முதிராமல் பாதியிலேயே நின்றுவிடும், பீரியட்ஸ் தள்ளிப்போகும். பி.சி.ஓ.எஸ். என்று ஒரு சினைப்பைக் கோளாறைச் சொல்கிறோமே, அதில் பெரும்பங்கு இதுதான்.

இன்னொன்று, ஆண் ஹார்மோனைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் தயாரிக்கிறது. இன்சுலின் ஏறினால் அது இருவருக்குமே இறங்கும். அவருக்குப் பிடியில்லாத ஹார்மோன் ரத்தத்தில் சுதந்திரமாகத் திரிந்து முகப்பருவும் தாடை முடியுமாக வெளியே தெரியும். உங்களுக்கோ அதே காரணத்தால், புரதம் பிடித்துவைத்ததையும் சேர்த்து எண்ணும் மொத்த டெஸ்டோஸ்டிரோன் எண் ரிப்போர்ட்டில் இன்னும் கீழே போகும். அதனால் அந்த ஒரு எண்ணை வைத்து பயப்படாமல், காலை 10 மணிக்குள் வெறும் வயிற்றில் வேறொரு நாள் மறுபடி எடுங்கள், பிடியில்லாமல் திரியும் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோனையும் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஊசியா? குழந்தை வேண்டுமென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை ஆர்டரை அடியோடு நிறுத்திவிடும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரைகூடப் போகலாம், ஊசியை நிறுத்திய பிறகும் திரும்பி வர மாதக்கணக்காகும். நண்பருக்குக் கை பெருத்திருக்கலாம், உங்களுக்கு வேண்டியது கை இல்லையே.

மனைவி நான்கிலிருந்து எட்டு கிலோ குறைத்தாலே, அதாவது எடையில் 5 முதல் 10 சதவீதம், பலருக்கு முட்டை மறுபடி வெளியாகத் தொடங்கும். நீங்களும் சேர்ந்து குறையுங்கள், ஆனால் ரிசல்ட்டுக்கு அவசரப்படாதீர்கள். ஒரு விந்தணு உருவாகி வெளியே வர இரண்டரை, மூன்று மாதம் ஆகும், அடுத்த விந்துப் பரிசோதனையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மனைவிக்கு மூன்று மாதம் பீரியட்ஸ் வராவிட்டால் மட்டும் 'எடை குறையட்டும், பார்ப்போம்' என்று விடாதீர்கள், கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போவது பின்னாளில் புற்றுநோய் வரைகூடக் கொண்டுபோகலாம். அம்மாவிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்தே காட்டுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது, கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். பின்கழுத்தில் அழுக்குப் படிந்த மாதிரி கருப்பு. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லையே?
- ஒரு தாய், மதுரை

பதில்: போகாதும்மா, அது அழுக்கே இல்லை. ரத்தத்தில் இன்சுலின் கூடினால் தோல் அங்கே தடித்துக் கருக்கும், அக்குளிலும் பாருங்கள், இருக்கும். தேய்த்தால் புண்தான் மிச்சம். நாரைத் தூக்கி வைத்துவிட்டு, பீரியட்ஸ் மாதாமாதம் வருகிறதா என்று அவளிடம் கேளுங்கள், ஒருமுறை சர்க்கரை டெஸ்டும் எடுத்துவிடுங்கள்.