நடத்துவது ஆவியானவரா, நம் மனசா? – விசுவாச வாழ்க்கை கேள்வி பதில்

கேள்வி: ஸ்தோத்திரம் பிரதர். துபாயில் ஒரு வேலை வந்திருக்கிறது. ஜெபம் பண்ணிவிட்டு, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்தேன். ஆதியாகமம் 12:1 வந்தது, ஆபிராமைத் தேசத்தைவிட்டுப் புறப்படச் சொல்லும் வசனம். இதைக் கர்த்தருடைய பதிலாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ள வேண்டாம், தம்பி. உங்கள் விரல் சில பக்கம் தள்ளி 26:2-ல் விழுந்திருந்தால், எகிப்துக்குப் போகாதே என்று கர்த்தர் ஈசாக்குக்குச் சொன்னது கிடைத்திருக்கும். அப்போது டிக்கெட்டைக் கேன்சல் செய்திருப்பீர்களா? அப்போஸ்தலர் நடபடிகளில் சீட்டுப் போட்டது ஒரே தடவைதான். யூதாசுக்குப் பதிலாக மத்தியாவைத் தெரிந்துகொள்ள, 1-ம் அதிகாரத்தில். 2-ம் அதிகாரத்தில் ஆவியானவர் இறங்கினார். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் சீட்டே கிடையாது.

ஆவியானவர் எப்படி நடத்துகிறார் என்று பார்க்க அதே புத்தகத்தில் 16:6-10-ஐ மெதுவாக வாசியுங்கள். பவுல் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, ஊழியத்தில் நடந்துகொண்டிருந்தார். ஆசியாவில் தடை, பித்தினியாவிலும் தடை. துரோவாவில் ராத்திரி மக்கெதோனியா தேசத்தான் தரிசனத்தில் வருகிறான். தரிசனம் கண்டவர் பவுல் ஒருவர். ஆனால் 10-ம் வசனத்தில் கர்த்தர் அழைக்கிறார் என்று நிச்சயித்துக்கொண்டவர்கள் ‘நாங்கள்’, அதாவது கூட இருந்த எல்லோரும். நடப்பவர்கள், மூடிய கதவுகள், ஒரு வெளிப்பாடு, பலர் சேர்ந்து எடுத்த தீர்மானம் என்று எல்லாம் சேர்ந்துதான் அந்த வழிநடத்துதல்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்று மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் அவருடைய லைசென்ஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள். விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசா மாற்றிக்கொள்ளலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் மூன்றும் எழுதிய ஒப்பந்தம் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள். அதன் பிறகு அப்பா அம்மாவை யார் பார்ப்பார்கள், மனைவி எத்தனை வருஷம் தனியாக இருக்க வேண்டும், அங்கே போக ஒரு சபை இருக்கிறதா என்று மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். நிறைய பேருடைய வழிநடத்துதல் இந்தப் பேச்சில்தான் தெளிவாகிறது. இவற்றில் எதுவும் தடுக்கவில்லை என்றால் சமாதானத்தோடு போங்கள். போகாமல் இருந்தாலும் அது பாவம் இல்லை.

கேள்வி: உள்ளே கேட்பது ஆவியானவரா என் சொந்த எண்ணமா என்று எப்படித் தெரியும்?

பதில்: கேட்ட அன்றே தேதி போட்டு, வார்த்தை மாறாமல் நோட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் பிறகு நடந்ததற்கு ஏற்ப ஞாபகம் தன்னையே திருத்திக்கொள்ளும். முழு இரவு ஜெபம் முடிந்த விடியற்காலையிலும், மூன்றாம் நாள் உபவாசக் களைப்பிலும் பெரிய முடிவு எடுக்காதீர்கள். சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நான்கைந்து நாள் கழித்து அதே நோட்டைப் பாருங்கள். வேதம் தெளிவாகச் சொன்ன ஒன்றுக்கு அது எதிராக இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம். உங்களிடம் ‘இல்லை’ என்று சொல்லத் தைரியம் உள்ள இரண்டு பேரிடம் சொல்லுங்கள். எதற்கும் ஆமென் போடுகிறவர்கள் உதவ மாட்டார்கள். ‘யாரிடமும் சொல்லாதே, இன்றைக்கே செய்’ என்று நெருக்குகிற குரலைக் கண்டு உஷாராக இருங்கள். ஆவியை அவித்துப்போடாதிருங்கள் என்று எழுதிய பவுல், இரண்டு வசனம் தள்ளி எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் சொல்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:19-21). சோதிப்பது ஆவியானவரைத் துக்கப்படுத்தாது.

கேள்வி: ஒரு தீர்க்கதரிசி வீட்டுக்கு வந்து, இந்த மாப்பிள்ளைதான் கர்த்தர் காட்டினவர் என்று சொல்லிவிட்டார். என் மகளுக்கு இஷ்டமில்லை. மறுத்தால் சாபம் வருமா ஐயா?

பதில்: வராது, அம்மா. தீர்க்கதரிசனம் சொன்னால் மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்பது சபைக்குக் கொடுத்த கட்டளை (1 கொரிந்தியர் 14:29). நிதானிக்க விடாமல் சாபத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறவர் அந்தக் கட்டளையை மீறுகிறார். 1 இராஜாக்கள் 13-ஐயும் வாசியுங்கள். கர்த்தர் நேரடியாகச் சொல்லியிருந்ததை விட்டுவிட்டு, ‘தேவதூதன் சொன்னான்’ என்ற கிழத் தீர்க்கதரிசியின் பேச்சை நம்பிப் போன தேவமனுஷனைச் சிங்கம் கொன்றது. உங்கள் மகளுடைய ‘வேண்டாம்’ என்பதற்கு அந்த வீட்டில் முழு மதிப்பு இருக்கட்டும். பையனுடைய வேலை, கடன், குடிப்பழக்கம், அவன் சபையில் அவனைப் பற்றி என்ன பேச்சு என்று நேரில் போய் விசாரியுங்கள். ஆலயங்களில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பதே, தடை ஏதாவது இருந்தால் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும் என்றுதான்.

கேள்வி: கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்தில் சுகம் கிடைத்தது என்று அம்மா சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டார். எடுத்துச் சொன்னால் எனக்கு விசுவாசம் இல்லை என்கிறார்.

பதில்: இன்றைக்கே பேசுங்கள், தள்ளிப்போட வேண்டாம். சர்க்கரை ஏறினால் வலிக்காது, அதனால் ‘உடம்பு நல்லா இருக்கு’ என்பது சாட்சி ஆகாது. லூக்கா 17:14-ல் பத்துக் குஷ்டரோகிகளிடம் இயேசு, ஆசாரியர்களிடம் போய்க் காண்பியுங்கள் என்றார். தோலைப் பார்த்துச் சுத்தம் என்று அறிவிக்க நியாயப்பிரமாணம் நியமித்த ஆட்கள் அவர்கள்தான் (லேவியராகமம் 14). அம்மாவுக்கும் அதே வழிதான்: மாத்திரையைத் தொடர்ந்தபடியே டாக்டரிடம் போகட்டும். வெறும் வயிற்று சுகர் அன்றைய நிலையைக் காட்டும். எச்பிஏ1சி சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும். உண்மையிலேயே சுகம் வந்திருந்தால் அது ரிப்போர்ட்டில் தெரியும், டாக்டரே மருந்தைக் குறைப்பார்.

இன்சுலின் போடுகிறவர்களும் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டிபி மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாததாக மாறிவிடலாம். பவுல் தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவர வேண்டியிருந்தது. டோனாவூரில் பிள்ளைகள் அம்மா என்று அழைத்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-ல் கீழே விழுந்து காயப்பட்டு, 1951-ல் மறையும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். இவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று யார் சொல்வது?

கேள்வி: விதைத்தால் பல மடங்காகத் திரும்பும் என்று கேட்கிற விதை காணிக்கையைக் கொடுக்க நகையை அடகு வைக்கலாமா?

பதில்: கூடாது. 2 கொரிந்தியர் 8:12-ன்படி கணக்கு நம்மிடம் உள்ளதை வைத்துத்தான், இல்லாததை வைத்து இல்லை. வட்டி மாதாமாதம் வரும்; நூறத்தனையாகத் திரும்பும் என்று சொன்னவர் அதைக் கட்ட வரமாட்டார். பிரிஸ்டலில் அனாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர் மனிதரிடம் பணம் கேட்காமல் ஜெபத்தையே நம்பினவர். அவரே கடன் வாங்க மறுத்தார், வரவு செலவை எழுதி வெளியிட்டார்.

கேள்வி: டிசம்பர் 31 ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11, உங்களைக் குறித்து என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் வசனம். ஏப்ரலில் வேலை போய்விட்டது. வசனம் பொய்யாகிவிட்டதா?

பதில்: இல்லை சகோதரா. அந்த அட்டையில் ஒரு வசனம்தான் இருக்கிறது, 10-ம் வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள்: பாபிலோனில் எழுபது வருஷம் சிறையிருப்பு. அந்த வாக்கை முதலில் கேட்டவர்களில் பலர் எருசலேமைத் திரும்பப் பார்க்காமலே இறந்தார்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷம் என்று சொன்னான், கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை, அந்த வருஷமே செத்தான். சீக்கிரம் என்று சொல்வதெல்லாம் விசுவாச வார்த்தை இல்லை.

சிறையிருப்பில் இருந்தவர்களுக்குக் கர்த்தர் சொன்ன முதல் வேலை 5-ம் வசனத்தில் இருக்கிறது: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள். 11-ஐ நம்புகிறவர் 5-ஐச் செய்கிறவர். காலையில் ஜெபத்துக்கு ஒரு நேரம், வேலை தேட ஒரு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கையிருப்பு எத்தனை மாதம் வரும் என்று மனைவியோடு கணக்குப் போடுங்கள். சபையில் மூப்பரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், வேலை நிலவரம் பலருக்கு ஆள் மூலமாகத்தான் வருகிறது. ஜெபத்தில் அழுகை வந்தால் அடக்க வேண்டாம். 13-ம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் தாவீது ‘எதுவரைக்கும்’ என்று நான்கு தடவை கேட்கிறார். வார்த்தை வராத நாளில் அதையே உங்கள் ஜெபமாகச் சத்தமாக வாசியுங்கள்.