பதில்: ஹார்லி 3542-க்குப் படங்கள் எங்கே?

வணக்கம். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இடைக்கால ஆங்கிலச் சுவடியான ஹார்லி 3542-இன் இருகை வாள் பாடத்தில் 'ஹாக்', 'ரேக்', 'குவார்ட்டர்' என்று வருகிறதே தவிர, எது எந்த வெட்டு என்று புரியவில்லை, உங்கள் நண்பர் காட்டிய ஐ.33 சுவடியின் படங்கள் உதவுமா என்று கேட்டிருந்தீர்கள்.

உதவாது. ஐ.33 லண்டன் கோபுரத்தில் நெடுங்காலம் இருந்ததால் பலர் அதை ஆங்கிலேயருடையது என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஜெர்மனியில் உருவான லத்தீன் சுவடி. வாளும் சிறு கேடயமும் பற்றியது. நீங்கள் படிப்பதற்கு ஒரு நூற்றாண்டாவது மூத்தது.

ஹார்லி பாடத்துக்குப் படமே கிடையாது. வாத்தியாரிடம் ஏற்கெனவே கற்றவன் மறக்காமலிருக்கக் குறித்துவைத்தது போலத்தான் எனக்குப் படுகிறது. அதனால்தான் எந்தச் சொல்லுக்கும் விளக்கம் இல்லை.

கூடுதல் சுவடி 39564, காட்டன் டைட்டஸ் ஏ 25 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அவையும் ஆங்கில இருகை வாள் பாடங்களே, பிரிட்டிஷ் நூலகத்திலேயே உள்ளன. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னும் பின்னும் எந்தக் கால் நகர்கிறது என்று மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டின் திசை அப்புறம். ஹார்லி பாடத்தின் செய்யுள் பகுதியை இப்போதைக்குத் தொடவே வேண்டாம், எதுகைக்காக இழுத்த வரிகள் ஆளைக் குழப்பிவிடும்.