மலைமேல் பேஸ்பால் கார்டு: வாசகர் கேள்விகள்

கே: சிகாகோவில் இருக்கும் அண்ணன் சொல்லிச் சொல்லியே கப்ஸ் அணிமேல் பைத்தியமாகிவிட்டேன். மேட்ச் நடப்பது நமக்கு நடுராத்திரி அல்லது விடியற்காலை. வீரர் படம் போட்ட பேஸ்பால் கார்டு சேர்த்தே அணியைத் தொடர முடியுமா? பாக்கெட் வாங்கலாமா? (வாசகர், கொடைக்கானல்)

ப: முடியும். பாக்கெட் மட்டும் வேண்டாம். 30 அணிகளின் கார்டும் கலந்து வருவதால் நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி அடுத்த அணிகளுக்குப் போய்விடும். 'டீம் செட்' என்று ஓர் அணியை மட்டும் பிரித்து விற்பார்கள், அதை அண்ணனிடம் கேளுங்கள். கார்டு அச்சிடும் டாப்ஸ் நிறுவனத்தின் வரிசையில் முதல் சீரிஸ் பிப்ரவரி வாக்கிலும் இரண்டாவது ஜூன் வாக்கிலும் 'அப்டேட்' அக்டோபர் வாக்கிலும் வரும். ஒவ்வொன்றிலும் 330 முதல் 350 கார்டு. உங்கள் அணிக்கு வருடத்துக்கு 35 தேறலாம்.

கார்டு வைக்க ஒன்பது பை உள்ள பிளாஸ்டிக் ஷீட் விற்கிறது. களத்தில் நிற்பதும் ஒன்பது பேர்தானே! மேல் வரிசையில் லெஃப்ட், சென்டர், ரைட் ஃபீல்டர்கள். நடுவில் ஷார்ட்ஸ்டாப், பிட்சர், செகண்ட் பேஸ்மேன். கீழே தேர்ட் பேஸ், கேட்சர், ஃபர்ஸ்ட் பேஸ். கேட்சருக்குப் பின்னால் நின்று பார்த்தால் களம் இப்படித்தான் தெரியும். ஆள் மாறினால் அந்தப் பையில் கார்டை மாற்றுங்கள். போனவரைத் தூக்கிப் போடாமல் அடுத்த ஷீட்டில் வையுங்கள்.

ஒரு சிக்கல்: கார்டு எப்போதும் அணிக்கு ஓரடி பின்னால்தான் நடக்கும். பிப்ரவரி கார்டின் பின்பக்கத்தில் இருப்பது போன சீசன் வரையிலான கணக்கு. ஜூலைக் கடைசியில் டிரேடில், அதாவது அணிகள் ஆளை மாற்றிக்கொள்வதில், வந்தவர் புது ஜெர்சியோடு தெரிய அப்டேட் வரை பொறுக்க வேண்டும். 1970களில் அவ்வளவு பொறுமை இல்லை. பழைய படத்திலேயே தொப்பிமேல் புது அணியின் சின்னத்தை வரைந்துவிட்டார்கள். சிலது பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

கே: முன்பக்கம் பளபளக்கும் குரோம் கார்டுகள் இந்த மழையில் வெற்றிலை மாதிரி வளைந்துவிட்டன. கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தால் நிமிருமா? (வாசகி, உதகை)

ப: நிமிரும், புத்தகத்தை எடுத்ததும் திரும்ப வளையும். பின்பக்க அட்டை ஈரத்தைக் குடித்து உப்புகிறது, முன்பக்கப் பளபளப்பு ஏடு உப்புவதில்லை. அதனால் பளபளப்புப் பக்கமாகக் குழிகிறது. ஈரத்தை எடுப்பதுதான் வைத்தியம்.

மூடியில் ரப்பர் வளையம் உள்ள ஐந்து லிட்டர் டப்பாவில் 50 கிராம் சிலிகா ஜெல்லும் சின்ன ஈரப்பத மீட்டரும் போடுங்கள். கார்டுகளை மெல்லிய உறையில் இட்டு, நெருக்காமல் நிறுத்தி, ஓரிரு வாரம் விடுங்கள். மீட்டர் 45 முதல் 50 சதவீதம் காட்டினால் போதும். அதற்குக் கீழே இறங்கினால் ஜெல்லைக் குறையுங்கள், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் வளையும். அவசரப்பட்டு ரூம் ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் அதே கதிதான்.

ஆரஞ்சு நிற ஜெல்லே வாங்குங்கள். ஈரம் ஏறிப் பச்சையானால் ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் வரும். நீல நிறத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையலறைப் பக்கமே வேண்டாம்.

டப்பாவை வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சா உருண்டை போடவும் வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். புது மழைக்கோட்டு வாடை அடிக்கும் ஷீட் பி.வி.சி., அது வேண்டாம்; பாலிப்ரொப்பிலீன் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

கே: மாமா விட்டுப்போன 1990 டாப்ஸ் பெட்டி, உடைக்காமல் இருக்கிறது. லட்சம் போகுமா? (வாசகர், கோத்தகிரி)

ப: போகாது. அந்த வருடங்களில் கார்டுகளை அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். 414ஆம் எண், ஃபிராங்க் தாமஸ் என்ற வீரரின் கார்டில் மட்டும் முன்பக்கம் பெயர் இருக்கிறதா பாருங்கள்; பெயர் அச்சாகாமல் போன சிலவற்றுக்குத்தான் நல்ல விலை. பாக்கெட்டில் பபிள்கம் இருக்கும், அதை ஒட்டிய கார்டில் கறை பிடித்திருக்கலாம். 1990 பபிள்கம், வாயில் போட்டுப் பார்க்காதீர்கள்.